பெரியவர்கள் ஏறும் ராட்டினம்

சென்னையைச் சுற்றியுள்ள பொழுதுபோக்குப் பூங்காக்களில் பெரிய ராட்டினங்களின் வாசலில் ஓர் அளவுகோலோ, சுவரில் வரைந்த கோடோ இருக்கும். அந்த உயரத்தை எட்டாத பிள்ளையை ஊழியர் கைபிடித்து ஓரமாக நிறுத்திவிடுவார். பிள்ளை அழும், அப்பா ஒரு நொடி தயங்குவார், அம்மா "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்பார். பூங்காவின் பணத்தில் பெரும்பகுதி எங்கே போட்டிருக்கிறது என்பதை அந்தக் கோடு சொல்லிவிடுகிறது. பெரிய எந்திரங்கள் எல்லாம் வளர்ந்த உடம்புக்காகச் செய்யப்பட்டவை.

திருப்போரூர் அருகே 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லாவின் முதன்மை ஈர்ப்பு ‘தஞ்சோரா’ என்னும் ரோலர் கோஸ்டர். தண்டவாளம் தலைக்கு மேலே ஓடும், இருக்கை அதிலிருந்து தொங்கும், கால்கள் அந்தரத்தில் இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதில் இடமில்லை. ஆனாலும் பூங்கா என்றதும் நம் வீடுகளில் வரும் முதல் கேள்வி "பசங்களக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்பதுதான். "இல்லை, நாங்க ரெண்டு பேர் மட்டும் போறோம்" என்று நாற்பது வயதுக்காரர் சொன்னால், கேட்டவர் முகத்தில் ஒரு குழப்பம் வரும். பிள்ளை இல்லாமல் பூங்காவுக்குப் போகும் பெரியவர்கள் புதிதாக முளைத்த ஒரு விசித்திரக் கூட்டம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்த நகரத்தின் வரலாற்றைப் பார்த்தால், அதிலும் வடசென்னையின் பக்கம் நின்று பார்த்தால், அந்த எண்ணம் நிற்காது. இங்கே பொதுப் பொழுதுபோக்கு பெரியவர்களுக்காகத்தான் தொடங்கியது. பிள்ளை அதற்கு அனுமதிச்சீட்டாக மாறியது பிந்தைய கதை.

பேசின் பிரிட்ஜ் என்றால் இன்று நமக்கு ரயில்தான் நினைவுக்கு வரும். அரக்கோணம் பக்கமும் கும்மிடிப்பூண்டி பக்கமும் கடற்கரைப் பக்கமும் தடங்கள் பிரியும் சந்திப்பு. பெட்டிகளைக் கழுவிப் பராமரிக்கும் பணிமனை. பக்கத்தில் எரிவாயு மின்நிலையம். ஆனால் பெயரில் இருக்கும் ‘பேசின்’ படகுகளுடையது. பேசில் காக்ரேன் 1806 வாக்கில் எண்ணூருக்கு வெட்டிய கால்வாய்தான் பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. அதில் உப்பும் விறகும் ஏற்றிவரும் படகுகள் வந்து நிற்கும் நீர்த்துறைக்குத்தான் அந்தப் பெயர். அந்தப் பகுதியில் ‘டிரெவெல்யன் பேசின் தெரு’ என்றே ஒரு தெரு இன்றும் இருக்கிறது. சார்லஸ் டிரெவெல்யன் 1859-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். கல்கத்தாவிலிருந்த இந்திய அரசின் வருமான வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததால் 1860-லேயே திருப்பி அழைக்கப்பட்டார். அந்தக் குறுகிய காலத்தில் அவர் தொடங்கிவைத்த காரியங்களில் ஒன்று பீப்பிள்ஸ் பார்க்.

இன்றைய சென்ட்ரல் புறநகர் நிலையம், ரிப்பன் மாளிகை, விக்டோரியா பப்ளிக் ஹால், நேரு விளையாட்டரங்கம் ஆகியவை நிற்கும் பரப்பெல்லாம் ஏறக்குறைய அந்தப் பூங்காதான். 116 ஏக்கர், பதினொரு குளங்கள், ஐந்து மைலுக்கு மேல் உள்சாலைகள், பேண்டு வாத்திய மேடை. 1860-களில் மிருகக்காட்சிசாலையும் அங்கே வந்து சேர்ந்தது. எட்வர்ட் பால்ஃபர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1855-இல் தொடங்கியது அது. சென்னை மக்கள் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் இதை உயிர் காலேஜ் என்றும் அழைத்தார்கள். பேசின் பிரிட்ஜிலிருந்தும் கொண்டித்தோப்பிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் நடந்தே வந்துவிடும் தூரம்.

ஆண்டுக் கடைசியில் அங்கே ஒரு சந்தை கூடும். ‘பார்க் ஃபேர்’ என்ற பெயரில் வாண வேடிக்கை, குத்துச்சண்டை, மல்யுத்தம், கடைகள், கூத்து என்று ஊரே திரளும். 1886 டிசம்பர் 31 அன்று அந்தச் சந்தையில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பெரும் கோரம் அது. அப்படியிருந்தும் கிறிஸ்துமஸ் வாரத்துப் பார்க் ஃபேர் நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் தென்னிந்திய அத்லெடிக் அசோசியேஷன் அதை நடத்தியது, மக்களும் வந்துகொண்டே இருந்தார்கள். இத்தனை பேர் செத்த இடத்துக்கு மறுபடியும் கூட்டம் வந்தது என்றால், அதைப் பொறுப்பில்லாத கேளிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வேறெங்கும் கிடைக்காத ஏதோ ஒன்று அங்கே கிடைத்திருக்கிறது.

அப்படி வந்தவர்களில் பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கத்து ஆலைத் தொழிலாளிகளைத் தனியாக நினைத்துப் பார்க்க வேண்டும். பக்கிங்காம் ஆலை 1870-களிலும் கர்நாடிக் ஆலை 1880-களிலும் ஓடத் தொடங்கின. 1918 ஏப்ரல் 27 அன்று மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானது. செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும் முன்முயற்சி எடுத்தார்கள், பி. பி. வாடியா தலைவரானார். அந்தச் சங்கம் முதலில் எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று, மதிய உணவு இடைவேளையை 30 நிமிடத்திலிருந்து 40 நிமிடமாக்க வேண்டும் என்பது. பத்து நிமிடம். சோற்றுத் தூக்கைத் திறந்து, சாப்பிட்டு, கைகழுவி, ஒரு பீடி பற்றவைக்க அந்தப் பத்து நிமிடம் தேவைப்பட்டது. அதற்குச் சங்கம் கட்டிப் போராட வேண்டியிருந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியபோது, அந்த நாளை விடுமுறை ஆக்க வேண்டும் என்றும் கேட்டார். பெரியவர்களின் ஓய்வு நேரம் எங்கிருந்தோ தானாக வந்து விழவில்லை. வடசென்னையில் அது நிமிடக் கணக்கில் கேட்டு வாங்கப்பட்டது. அப்படிக் கிடைத்த நேரத்தைக் கொண்டுபோய் ராட்டினத்திலும் வாண வேடிக்கையிலும் செலவழித்தவரைப் பார்த்து, "இந்த வயசில் உனக்கு எதற்கு?" என்று கேட்க எனக்கு வாய் வராது.

இதே காலத்தில் உலகின் மறுகோடியில் நடந்தது இதை இன்னும் தெளிவாக்கும். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1897-இல் ஜார்ஜ் டில்யூ ‘ஸ்டீபிள்சேஸ் பார்க்’ திறந்தார். 1903-இல் லூனா பார்க் வந்தது, மறு ஆண்டு டிரீம்லேண்ட். அங்கே கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் ஆலையிலும் அலுவலகத்திலும் கடையிலும் வேலை பார்த்த இளைஞர்கள், இளம்பெண்கள். டில்யூவின் பல ராட்டினங்களின் வேலையே, முன்பின் தெரியாத பெரியவர்களை ஒருவர்மேல் ஒருவர் சரிய வைப்பது. வரலாற்றாசிரியர் ஜான் காசன் 1978-இல் எழுதிய நூலில், வேலை ஒழுங்கும் விக்டோரியக் கட்டுப்பாடும் இறுக்கிவைத்த உடம்புகள் அங்கே தளர்ந்ததைக் காட்டுகிறார். 1920-இல் சுரங்க ரயில் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஐந்து சென்ட் கட்டணத்தில் யார் வேண்டுமானாலும் போகலாம் என்றாயிற்று. பெரியவர்களின் விளையாட்டு யாருக்குக் கிடைக்கும் என்பதை ராட்டினத்தைவிடப் பயணக் கட்டணம்தான் தீர்மானிக்கிறது. சென்னையில் இது தலைகீழாக நடந்தது.

பீப்பிள்ஸ் பார்க் துண்டு துண்டாகப் போனது. 1900-இல் மூர் மார்க்கெட், பிறகு ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம், ரயில்வே. 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே ஆண்டு மிருகக்காட்சிசாலை வண்டலூருக்குப் போனது. பத்தாண்டு கழித்து, 1995-இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா திறந்தது. கட்டியவர் நவோதயா அப்பச்சன், 1984-இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்தவர். குழந்தைகளின் கண்ணால் உலகைக் காட்டிய தயாரிப்பாளர் கட்டிய பூங்காவில் குழந்தை நடுநாயகமாக இருந்தது இயல்புதான். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பெங்களூரு நெடுஞ்சாலையிலும் மற்றப் பூங்காக்கள் வளர்ந்தன. ஒரே சுற்றுச்சுவர், ஒரே நுழைவுக் கட்டணம், ‘ஃபேமிலி’ என்ற ஒரே அலகு. வால்ட் டிஸ்னி தன் மகள்கள் குடை ராட்டினத்தில் சுற்றுவதைப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பெற்றோரும் சேர்ந்து ஆடும் இடம் வேண்டும் என்று தோன்றியதாகச் சொல்லியிருக்கிறார். 1955-இல் பிறந்த டிஸ்னிலேண்டின் வேர் அது. பெரியவரை பெஞ்சிலிருந்து எழுப்புவதுதான் அந்த யோசனையின் உயிர். நம்மிடம் வந்து சேர்ந்தபோது பெரியவர் மறுபடி பெஞ்சுக்கே போய்விட்டார், கையில் பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக.

பேசின் பிரிட்ஜிலிருந்து திருப்போரூர் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ரயில் கிடையாது. நுழைவுக் கட்டணமே ஆயிரத்தைத் தாண்டும். ராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் போகிறவர்கள் தெருவாகச் சேர்ந்து, ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்து வேன் பிடித்துப் போகிறார்கள். தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் உடைதான் போட வேண்டும், சேலையோடு இறங்க முடியாது. வாடகை உடை கொடுக்கும் ஜன்னலில், ஐம்பது வயதுப் பெண்கள் அந்தக் கறுப்பு நைலானை விரித்துப் பார்த்து, ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்து, "வா, போட்டுக்கலாம், யாரு நம்மள பாக்கப் போறாங்க" என்று உள்ளே போவதைப் பார்க்கலாம். அரைமணி கழித்து அலைக்குளத்தில் அவர்களை அடையாளம் தெரியாது. வரிசையாகக் கைகோத்து நின்று, அலை வரும்போது கத்துவார்கள்.

இந்தக் காட்சியைப் புரிந்துகொள்ள மும்பையில் எழுதப்பட்ட ஒரு நூல் உதவும். ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011-இல் வெளியிட்ட ‘ஒய் லாய்ட்டர்?’ என்ற ஆய்வு, இந்திய நகரத்தில் பெண் வெளியே நிற்க வேண்டுமானால் ஒரு காரணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது என்று காட்டியது. காய்கறிப் பை, அலுவலக அடையாள அட்டை, கோயில் தட்டு, குழந்தை. காரணமில்லாமல் சும்மா இருக்கும் உரிமையை அவர்கள் கேட்டார்கள். பூங்காவில் குழந்தை அப்படி ஒரு காரணம்தான். பிள்ளை வளர்ந்துவிட்டால் காரணம் போய்விடுகிறது. பேரன் பிறக்கும்வரை அவளுக்கு ராட்டினம் இல்லை. திருமணமாகாதவளுக்கும் பிள்ளை இல்லாதவளுக்கும் எப்போதுமே இல்லை. பிள்ளை இல்லாத ஒரு தம்பதியிடம் போய், பூங்கா குழந்தைகளுக்கானது என்று சொல்வதில் இருக்கும் கொடுமையை நாம் உணர்வதேயில்லை. ஆண்களுக்கு வேறு மாதிரித் தடை. இளைஞர்கள் கும்பலாக வந்தால் சந்தேகக் கண் விழுகிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது, பெண்கள் பட்டிருக்கும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அதைத் தீர்க்க வேண்டியது காவலும் கண்காணிப்பும்தான். குழந்தையைக் கேடயமாக நிறுத்திவைப்பது தீர்வாகாது.

வடசென்னையிடம் மிஞ்சியிருப்பது இரண்டு. ஒன்று கோயில் திருவிழா, தேர்த்திருவிழா, மாதா கோயில் திருவிழா என்று வந்துபோகும் ராட்டினக்காரர்கள். இன்னொன்று பொங்கலையொட்டித் தீவுத்திடலில் நடக்கும் சுற்றுலாப் பொருட்காட்சி. பழைய ஆட்களுக்கு அது ‘எக்ஸிபிஷன்’. அரசுத் துறை அரங்குகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எல்லோரும் வந்து சேர்வது பின்பக்கத்து ராட்டினங்களிடம்தான். உள்ளங்கைக்கு அடங்காத டெல்லி அப்பளம், மேலே மிளகாய்த் தூள், பக்கத்தில் பஜ்ஜிச் சட்டியின் புகை. கொலம்பஸ் கப்பலில் கடைசி வரிசைக்குத்தான் அடிதடி. காரணம் இயற்பியல். ஊசல் மாதிரி ஆடும் கப்பலில் நடுவில் இருப்பவர் அவ்வளவு உயரத்துக்குப் போவதில்லை, முனையில் இருப்பவர்தான் உச்சிக்குப் போய், திரும்பும் அந்தக் கணத்தில் இருக்கையிலிருந்து லேசாகக் கிளம்புகிறார். வயிற்றுக்குள் ஏதோ மேலே ஏறும். உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்லும், கண் இன்னொன்று சொல்லும். மரணக் கிணற்றின் விளிம்பில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்கள். பத்து ரூபாய்த் தாளை நீட்டிக் காத்திருப்பார்கள், செங்குத்துச் சுவரில் பைக் ஓட்டிவருபவர் ஒரு கையை விட்டு அதைப் பறித்துக்கொண்டு போவார்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோஜே கையுவா 1958-இல் விளையாட்டுகளை வகைப்படுத்தியபோது போட்டி, தற்செயல், வேடம் என்ற மூன்றோடு கிறுகிறுப்பையும் நான்காவது வகையாக வைத்தார். தட்டாமாலை சுற்றும் பிள்ளையும் ராட்டினத்தில் ஏறும் பெரியவரும் தேடுவது அதைத்தான். நிதானத்தைச் சில நிமிடம் விட்டுக்கொடுக்கும் சுகம். யாருக்கு இது அதிகம் தேவை? நாளெல்லாம் நிதானம் தவறாமல் இருந்தாக வேண்டியவருக்கு. துறைமுகத்தில் கிரேன் கூண்டில் உட்கார்ந்து கன்டெய்னரை அங்குலம் அங்குலமாக இறக்குபவர், பேசின் பிரிட்ஜ் யார்டில் பெட்டிகளைக் கோத்துவிடுபவர், எண்ணூர்ச் சாலையில் டிரெய்லர் ஓட்டுபவர், அவர்கள் வீடு திரும்பும்வரை விழித்திருக்கும் பெண்கள். ஒரு கணம் கவனம் பிசகினால் கை போகும் வேலைகள் இவை.

வடசென்னைக்கு இது தேவைப்பட இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது, வலையும் படகும் கறுத்தன. அதே மாதக் கடைசியில் நள்ளிரவில் அமோனியா கசிந்து, மக்கள் கண் எரிய, மூச்சு முட்டத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். வடசென்னைக்காரருக்கு அச்சம் அடிக்கடி கேட்காமலே வருகிறது. எப்போது தொடங்கும் என்று தெரியாது, எப்போது முடியும் என்றும் தெரியாது. ராட்டினத்தின் அச்சம் தானே தேர்ந்துகொண்டது, மூன்று நிமிடத்தில் முடியும், முடிந்ததும் சிரிப்பு வரும். பயத்தைத் தன் இஷ்டத்துக்கு எடுத்துக் கையாண்டுவிட்டுக் கீழே வைக்கும் அனுபவம் அது. இதைச் சிறுபிள்ளைத்தனம் என்பவர்கள் இந்த வேறுபாட்டை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதனால்தான் பாதுகாப்பு விஷயத்தில் சமரசம் கூடாது. 2012-இல் சென்னைப் புறநகர்ப் பூங்கா ஒன்றில் ராட்டினத்திலிருந்து விழுந்து இளம்பெண் ஒருவர் இறந்தார். 2025 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்காவில் ராட்டினம் உயரத்தில் பழுதாகி நின்றது, மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்புத் துறை ராட்சத ஏணியால் மணிக்கணக்கில் பாடுபட்டு இறக்கியது. தேர்ந்துகொண்ட பயம் நிஜ ஆபத்தாக மாறிவிட்டால் அங்கே விளையாட்டு முடிந்துவிடுகிறது. ஊர் ஊராகப் பிரித்து மாட்டும் திருவிழா ராட்டினங்களுக்கு ஒவ்வொரு முறை மாட்டும்போதும் சோதனை வேண்டும்.

பெரியவர் விளையாடுவது நம் மரபுக்குப் புதிது என்று நினைப்பவர்கள் பரிபாடலின் வையைப் பாடல்களைத் திறந்து பார்க்கலாம். புதுவெள்ளம் வந்ததும் மதுரையே ஆற்றில் இறங்குகிறது. காதலரும் கணவன் மனைவியரும் தோழியரும் நீரில் துளைந்து ஆடுகிறார்கள். சிலப்பதிகாரத்தில் பெண்கள் ஊசல் ஆடப் பாட்டே இருக்கிறது. திருவாசகத்தில் திருப்பொன்னூசல் இருக்கிறது. இவர்களில் யாரும் பிள்ளையைச் சாக்கு வைக்கவில்லை. செட்டிநாட்டு வீட்டு முற்றத்து ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடியதும் வீட்டுப் பெரியவர்தான்.

கோபன்ஹேகன் நகரின் டிவோலி பூங்கா 1843-இல் திறந்தது, இன்றும் நடக்கிறது. நகரின் மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. வேலை முடிந்து மாலையில் வந்து, ஒரு ராட்டினம் ஏறி, பாட்டுக் கேட்டு, இரவு ரயிலில் வீடு திரும்புகிறவர்கள் அதற்கு உண்டு. டிவோலிக்குப் பதினாறு ஆண்டு கழித்து நம் சென்ட்ரல் அருகே தொடங்கிய பூங்காவும் அதே வடிவம்தான். அவர்களிடம் அது நிலைத்தது, நம்மிடம் நிலமே போய்விட்டது.

2024 மார்ச்சில் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் பேருந்து நிலையங்கள், சமுதாயக் கூடங்கள், படிப்பகங்கள், பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் என்று பணிகள் நடக்கின்றன. எல்லாம் தேவையானவை. ஆனால் திட்டங்களில் ‘பொழுதுபோக்கு’ என்ற தலைப்பு வந்ததும் வரைபடத்தில் சறுக்கு மரமும் சிறுவர் ஊஞ்சலும்தான் இடம்பெறுகின்றன. பெரியவருக்கு நடைபாதையும் உடற்பயிற்சிக் கருவியும் ஒதுக்கப்படுகின்றன. இரண்டுமே உடம்பைப் பராமரிக்கும் வேலைகள். பெரியவர் எடை தாங்கும் ஊஞ்சலைக் கட்ட அதிகச் செலவில்லை. பல பூங்காக்களில் ‘12 வயதுக்கு மேற்பட்டோர் ஊஞ்சலில் ஆடக்கூடாது’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். சங்கிலி அறுந்துவிடும் என்பது நியாயமான கவலை, கனமான சங்கிலி போடலாம் என்பது அதைவிட எளிய பதில். 2021-இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டுவிட்டதால் திருவொற்றியூர்க்காரருக்குத் தீவுத்திடல் இப்போது எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அதே ஆண்டு முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பயணம் சரியாகிவிட்டது, போய்ச் சேர இடம்தான் ஆண்டில் இரண்டு மூன்று மாதங்களோடு முடிந்துவிடுகிறது. மற்ற மாதங்களுக்கு, ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கும் தோதாக இரவு பத்து மணிவரை திறந்திருக்கும் ஒரு ராட்டினத் திடல், நுழைவுக் கட்டணம் இல்லாமல், ஏறும் ராட்டினத்துக்கு மட்டும் காசு என்ற பழைய திருவிழாக் கணக்கில், மெட்ரோ பாதையை ஒட்டி எங்காவது அமைய வேண்டும். வாசல் அளவுகோலில் குறைந்த உயரத்தை எழுதலாம், அதிக வயதை எழுத வேண்டியதில்லை.